ஆஸ்திரேலிய ஓப்பனை முதன்முறை நேரில் பார்க்கப் போகிறவர்களுக்கு

மெல்போர்னில் நடக்கும் டென்னிஸ் போட்டியான ஆஸ்திரேலிய ஓப்பனுக்கு முதன்முறை போகிறவர்கள் பலர் செய்யும் தவறு ஒன்று உண்டு. பெயர் தெரிந்த ஒரு நட்சத்திரத்தைப் பார்த்தே தீர வேண்டும் என்று முதன்மை அரங்கான ராட் லேவர் அரங்கின் உச்சி வரிசையில் விலை கூடிய இருக்கை ஒன்றை வாங்குகிறார்கள். அங்கே உட்கார்ந்து இரண்டு ஆட்டம் பார்த்துவிட்டுத் திரும்புகிறார்கள். அதே நேரத்தில் வெளியே சின்னக் கோர்ட்டுகளில், உலகத் தரவரிசையில் முதல் 50க்குள் இருக்கிறவர்கள் பார்வையாளர்களுக்குப் பத்தடி தள்ளி ஆடிக்கொண்டிருப்பார்கள். அந்தத் தூரத்தில்தான் பந்தின் வேகமும் சுழற்சியும் கண்ணுக்குப் புரியும். ஆகவே முதல் தடவைக்கு எங்கள் பரிந்துரை ஒன்றே: முதல் வாரத்தில் ஒரு நாள், கிரவுண்ட் பாஸ் என்ற இருக்கை எண் இல்லாத டிக்கெட், வெளிக் கோர்ட்டுகள். கையில் பணமும் நாளும் மிஞ்சினால் அதன் பிறகு பெரிய அரங்கில் ஓர் இரவு.

எந்த நாள் போவது

போட்டி ஜனவரி நடுவில், பொங்கலை ஒட்டித் தொடங்கும். 2024 முதல் ஞாயிற்றுக்கிழமையில் தொடங்கி 15 நாள் நடக்கிறது. ஆண்கள் ஒற்றையரில் 128 பேர், பெண்கள் ஒற்றையரிலும் 128 பேர். முதல் சுற்றில் மட்டும் இரு பிரிவும் சேர்த்து 128 ஆட்டங்கள். அவை ஞாயிறு, திங்கள், செவ்வாய் என மூன்று நாட்களில் முடிய வேண்டும். அதாவது நாளொன்றுக்கு 40க்கு மேல். புதன், வியாழன் இரண்டாம் சுற்று. வெள்ளி, சனி மூன்றாம் சுற்று. இரண்டாவது வாரச் செவ்வாய்க்கிழமை கால் இறுதி வரும்போது ஒற்றையரில் ஒரு பிரிவுக்கு எட்டுப் பேர்தான் மிச்சம். எல்லாரும் பெரிய அரங்குக்குள் போய்விடுவார்கள். வெளியே இரட்டையர், இளையோர், சக்கர நாற்காலிப் போட்டிகள் நடக்கும்.

எங்கள் தேர்வு முதல் வாரத்தின் செவ்வாயும் புதனும். தொடக்க ஞாயிற்றுக்கிழமையின் நெரிசல் குறைந்திருக்கும். ஒற்றையர் ஆட்டங்கள் நிறைய மிச்சமிருக்கும், இரட்டையரும் அந்த வாக்கில்தான் தொடங்கும். சனி, ஞாயிறைத் தவிர்க்க முடிந்தால் தவிர்த்துவிடுங்கள். ஜனவரி 26 ஆஸ்திரேலிய தேசிய தினத்துக்கு அங்கே பொது விடுமுறை என்பதால் அன்றும் கூட்டம் அதிகம். 2025இல் தகுதிச் சுற்று வாரத்தையும் சேர்த்து 12 லட்சத்துக்கும் மேற்பட்டோர் வந்தார்கள். நாள் தேர்வு அவ்வளவு முக்கியம்.

தகுதிச் சுற்று வாரத்தைப் பலர் கணக்கிலேயே எடுத்துக்கொள்வதில்லை. அது முக்கியப் போட்டிக்கு முந்தைய வாரம். ஒவ்வொரு பிரிவிலும் 128 பேர் ஆடி, தொடர்ந்து மூன்று ஆட்டம் வெல்லும் 16 பேர் முக்கியச் சுற்றுக்குள் நுழைவார்கள். கட்டணம் மிகக் குறைவு. ஒருவருடைய அந்த வருட வருமானமே ஓர் ஆட்டத்தில் தொங்கும் என்பதால் ஆட்டத்தின் சூடு மட்டும் குறையவே குறையாது. இந்திய வீரர்களைப் பார்க்க நல்ல வாய்ப்பும் இதுதான். சென்னையின் பிரஜ்னேஷ் குணேஸ்வரன் 2019இல் இப்படி மூன்று ஆட்டங்களையும் வென்றுதான் முக்கியச் சுற்றில் கால் வைத்தார். தவிர, பெரிய நட்சத்திரங்கள் எல்லாரும் அந்த வாரம் அங்கேயே பயிற்சியில் இருப்பார்கள். குடும்பத்தோடு போகிறவர்கள், செலவு பார்க்கிறவர்கள் தயங்காமல் இந்த வாரத்தைத் தேர்ந்தெடுக்கலாம்.

டிக்கெட்

மெல்போர்ன் பார்க்கில் மூடித் திறக்கும் கூரையுள்ள அரங்குகள் மூன்று. ராட் லேவர் அரங்கில் ஏறக்குறைய 15,000 பேர் உட்காரலாம். ஜான் கெயின் அரங்கில் சுமார் 10,000 பேர், மார்கரெட் கோர்ட் அரங்கில் 7,500 பேர். அடுத்த நிலையில் 2022இல் திறந்த கியா அரங்கம். 5,000 பேர் கொள்ளும். ஆடுகளம் தரைமட்டத்துக்குக் கீழே இறக்கிக் கட்டப்பட்டிருக்கும். அதற்கும் அடுத்து 1573 அரங்கம், ஏஎன்இசட் அரங்கம், பிறகு எண் மட்டும் இட்ட சின்னக் கோர்ட்டுகள்.

கிரவுண்ட் பாஸ் என்பது இருக்கை எண் இல்லாத நாள் டிக்கெட். சின்னக் கோர்ட்டுகள் எல்லாவற்றுக்கும், நடுத்தர அரங்குகளில் எண்ணிடாத இருக்கைகளுக்கும் போகலாம். முந்தி வந்தவருக்கு இடம். ராட் லேவர், மார்கரெட் கோர்ட் அரங்குகளுக்கு இதை வைத்து நுழைய முடியாது. ஜான் கெயின் அரங்கில் எண்ணிட்ட இருக்கைகளும் உண்டு, கிரவுண்ட் பாஸ்காரர்களுக்கான பகுதியும் உண்டு. எந்தெந்தப் பகுதி என்பதை அந்த ஆண்டின் டிக்கெட் விவரத்தில் ஒரு முறை படித்துவிட்டு வாங்குங்கள். வருடத்துக்கு வருடம் சின்னச் சின்ன மாற்றம் வரும்.

ராட் லேவர் அரங்குக்கும் மார்கரெட் கோர்ட் அரங்குக்கும் பகலுக்கு ஒரு டிக்கெட், இரவுக்கு வேறு டிக்கெட். இரவு ஆட்டம் 7 மணிக்கு. பகல் டிக்கெட் வைத்திருப்பவர் அன்றைக்கு வெளிக் கோர்ட்டுகளையும் சுற்றிவரலாம். இரவு டிக்கெட்காரரை மாலையில்தான் வளாகத்துக்குள் விடுவார்கள். இரவு டிக்கெட்டை வாங்கிவிட்டுக் காலையிலேயே வாசலில் போய் நிற்கிறவர்கள் ஒவ்வோர் ஆண்டும் உண்டு. பெரிய அரங்கில் டிக்கெட் வாங்கும்போது நீங்கள் வாங்குவது அரங்கையும் நேரத்தையும்தான், ஆளை அல்ல. யார் எங்கே ஆடுவார் என்பது முந்தைய நாள்தான் தெரியும். குறிப்பிட்ட ஒருவருக்காக மூன்று மாதம் முன்பே வாங்குவது சூதாட்டம்.

விற்பனை பொதுவாக அக்டோபரில் திறக்கும். அதிகாரப்பூர்வ விற்பனையாளர் டிக்கெட்மாஸ்டர். ஆஸ்திரேலிய ஓப்பனின் சொந்தத் தளத்திலிருந்து தொடங்கிப் போனால் சரியான இடத்துக்குத்தான் போய்ச் சேருவீர்கள். தேடுபொறியில் தேடினால் முதலில் வந்து நிற்பவை மறுவிற்பனைத் தளங்கள். அங்கே ஒரே டிக்கெட் இரண்டு பேருக்கு விற்கப்பட்டிருக்கலாம், விலை இரண்டு மூன்று மடங்கு இருக்கலாம், வாசலில் ஸ்கேன் ஆகாமலும் போகலாம். போக முடியாதவர்கள் திருப்பி விற்கும் டிக்கெட் அதிகாரப்பூர்வத் தளத்திலேயே வரும். முதல் சில நாட்களுக்கும் வார இறுதிக்கும் கிரவுண்ட் பாஸ்கூடத் தீர்ந்துபோவதுண்டு என்பதால், நாள் முடிவானதும் வாங்கிவிடுவதே நல்லது.

வெளிநாட்டிலிருந்து போகிறவர்கள் டிக்கெட்டுக்கு முன் விசாவைக் கவனியுங்கள். இந்திய, இலங்கைக் கடவுச்சீட்டுக்கு வருகையாளர் விசா (சப்கிளாஸ் 600) வேண்டும். டிசம்பர், ஜனவரி பள்ளி விடுமுறை நெரிசலில் அது தாமதமாகலாம், அக்டோபருக்குள் விண்ணப்பித்துவிடுங்கள். சிங்கப்பூர், மலேசியக் கடவுச்சீட்டுக்காரர்களுக்கு மின்னணுப் பயண அனுமதி போதும். விமானத்தில் சாப்பாட்டுப் பொருள் எதைக் கொண்டுபோனாலும் நுழைவுப் படிவத்தில் மறைக்காமல் எழுதுங்கள். ஊறுகாய், கருவாடு, விதை, நெய் எதுவாக இருந்தாலும் சரி. எழுதிக் காட்டினால் அதிகம் போனால் பொருளை எடுத்துக்கொள்வார்கள். எழுதாமல் பிடிபட்டால் கனத்த அபராதம்.

முந்தைய நாள் மாலை செய்ய வேண்டிய வேலை

நாள் நன்றாக அமைவதும் வீணாவதும் இந்த அரைமணி நேர வேலையில்தான் இருக்கிறது. மறுநாள் ஆட்ட அட்டவணை முந்தைய நாள் மாலைதான் வெளியாகும். போட்டியின் செயலியை இறக்கிக்கொண்டு, அதில் அட்டவணையைக் கோர்ட் வாரியாகத் திறந்து வையுங்கள்.

அட்டவணையில் ஒரு கோர்ட்டின் முதல் ஆட்டத்துக்கு மட்டும்தான் நேரம் உறுதி. வெளிக் கோர்ட்டுகளில் அது காலை 11 மணி. மற்றவை ஒன்று முடிந்த பின் ஒன்று. சிலவற்றுக்கு ‘இத்தனை மணிக்கு முன் தொடங்காது’ என்று போட்டிருக்கும். அந்த நேரத்துக்குத் தொடங்கிவிடும் என்று அதைப் படிக்கக் கூடாது. முந்தைய ஆட்டம் இழுத்தால் இரண்டு மணி நேரம்கூடத் தள்ளிப்போகும்.

கணக்குப் போட ஒரு வழி: பெண்கள் ஆட்டம் அதிகபட்சம் மூன்று செட், ஒன்றரையிலிருந்து இரண்டு மணி நேரம். ஆண்கள் ஆட்டம் அதிகபட்சம் ஐந்து செட், இரண்டரையிலிருந்து மூன்று மணி நேரம். ஐந்தாவது செட் வரை போனால் நான்கைத் தாண்டும். நடுவே ஆட்கள் மாற, உடல் சூடேற்றிக்கொள்ள ஒரு கால் மணி. ஆக ஒரு கோர்ட்டில் முதலில் பெண்கள் ஆட்டம், இரண்டாவது ஆண்கள் ஆட்டம் என்றால், மூன்றாவது ஆட்டம் பிற்பகல் 4 மணி வாக்கில் தொடங்கும் என்று எண்ணிக்கொள்ளலாம். இரண்டும் ஆண்கள் ஆட்டம் என்றால் 5ஐத் தாண்டிவிடும்.

பிறகு மூன்று ஆட்டங்களை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். காலையில் ஒன்று, பிற்பகலில் ஒன்று, மாலையில் ஒன்று. ஒவ்வொன்றுக்கும் பக்கத்துக் கோர்ட்டில் மாற்று ஆட்டம் ஒன்று. பத்து ஆட்டங்களைக் குறித்துக்கொண்டு ஓடுகிறவர் எதையும் முழுதாகப் பார்ப்பதில்லை. நாளில் பாதி வரிசையில் கழியும். எதைத் தேர்ந்தெடுப்பது? போட்டித் தரநிலை (போட்டி தொடங்கும்முன் முதல் 32 பேருக்குத் தரப்படும் வரிசை எண்) 20லிருந்து 32 வரை உள்ள ஒருவர், தரநிலை இல்லாத நல்ல வீரர் ஒருவருடன் சின்னக் கோர்ட்டில் மோதும் ஆட்டம் கிடைத்தால் விடாதீர்கள். முதல் சுற்றில் முதல் நான்கைந்து இடக்காரர்கள் பெரும்பாலும் சுலபமாக வெல்வார்கள். இழுபறி இருப்பது இந்த இடைநிலையில்தான். 2024இல் சுமித் நாகல் தகுதிச் சுற்றிலிருந்து வந்து 31ஆம் தரநிலைக்காரரான அலெக்சாண்டர் புப்ளிக்கை வீழ்த்தியது இந்த மாதிரி ஆட்டத்தில்தான்.

இரட்டையரையும் ஒன்று சேர்த்துக்கொள்ளுங்கள். தொலைக்காட்சி இதைக் காட்டுவதே அரிது. நேரில் பார்த்தால், வலைக்கருகே நாலு பேர் நின்று பந்தைத் தரையில் விழவிடாமல் அடிக்கும் வேகம் ஒற்றையரில் கிடைக்காத காட்சி. சர்வீஸ் போடுபவருக்கு அவருடைய ஜோடி முதுகுக்குப் பின்னால் விரலால் காட்டும் சைகையைக் கவனியுங்கள். அடுத்து அவர் எந்தப் பக்கம் பாய்வார் என்பது அதில் இருக்கும். ரோகன் போபண்ணா 43 வயதில் மேத்யூ எப்டனுடன் சேர்ந்து 2024 பட்டத்தை வென்றதும் இந்தப் பிரிவில்தான்.

பயிற்சி நேர அட்டவணையும் செயலியில் வரும். பெரிய பெயர்களை அருகில் பார்க்க வேண்டும் என்பதே ஆசை என்றால் அதற்கான இடம் பயிற்சிக் கோர்ட். அரை மணி முன்னதாகப் போய் வேலியோரம் நில்லுங்கள்.

போகும் வழியும் பையும்

மெல்போர்ன் பார்க் நகரின் மையத்தை ஒட்டி, யாரா ஆற்றங்கரையில் இருக்கிறது. ஃபெடரேஷன் சதுக்கத்திலிருந்து பிரரங் மார் பூங்கா வழியாக நடந்தால் பதினைந்து நிமிடம். காலை நேரத்தில் இதுவே நல்ல வழி. நடக்க முடியாதவர்களுக்கு ஃபிளிண்டர்ஸ் வீதியிலிருந்து 70ஆம் எண் டிராம். போட்டி நாட்களில் டிக்கெட் வைத்திருப்பவர்களுக்கு நகருக்கும் வளாகத்துக்கும் இடையே இது வழக்கமாக இலவசம். ரயிலில் வருகிறவர்கள் ரிச்மண்ட் நிலையத்தில் இறங்கி நடக்கலாம். கிழக்குப் பக்கக் கோர்ட்டுகளுக்கு அது அருகில். காரை எடுத்துவர வேண்டாம். நிறுத்துமிடக் கட்டணமும் கூடுதல், திரும்பும்போது வெளியே எடுக்கும் நேரமும் கூடுதல். விமான நிலையத்துக்கு ரயில் கிடையாது. ஸ்கைபஸ் சதர்ன் கிராஸ் நிலையம் வரை கொண்டுவிடும். அங்கிருந்து ரயிலுக்கு மைக்கி அட்டை வாங்கிக்கொள்ளுங்கள்.

காலை 10 மணிக்குள் வாயிலில் இருங்கள். பைச் சோதனை வரிசை 10.30க்கு மேல் நீளும். 11 மணி ஆட்டத்துக்குச் சின்னக் கோர்ட்டில் முன்வரிசை கிடைப்பது முதலில் நுழைந்தவர்களுக்குத்தான்.

பை சின்னதாக இருக்கட்டும். கண்ணாடிப் பாட்டில், உலோக டின், மதுவகை அனுமதி இல்லை. நீளமான லென்ஸுள்ள கேமரா, குடை, செல்ஃபி கம்பு போன்றவற்றுக்குத் தடையோ அளவுக் கட்டுப்பாடோ இருக்கும். தடைப் பட்டியலை ஒரு பார்வை பார்த்துவிடுங்கள். தண்ணீருக்கு ஒரு லிட்டர் பிளாஸ்டிக் பாட்டில் ஒன்று ஒவ்வொருவருக்கும். உள்ளே பல இடங்களில் நிரப்பிக்கொள்ளலாம். சாப்பாடு கொண்டுபோக அனுமதி உண்டு. உள்ளே உணவுக்கடைகள் ஏராளம், ஆனால் விலை கடுமை, மதியம் ஒன்றரை மணிக்கு வரிசையும் கடுமை. சைவம் மட்டும் சாப்பிடுகிறவர்கள் புளியோதரையோ எலுமிச்சை சாதமோ கட்டிக்கொண்டு போவது நல்லது. அந்த வெயிலில் எட்டு மணி நேரம் கெடாமல் இருப்பவை அவைதான். தயிர்சாதம் வேண்டாம், பிற்பகலுக்குள் புளித்துவிடும். சமைக்க வசதி இல்லாத பயணிகளுக்கு டாண்டினாங் புறநகரின் ஃபாஸ்டர் தெருவில் இந்தியக் கடைகள் வரிசையாக இருக்கின்றன.

தொப்பி, அதற்கு அகலமான விளிம்பு. எஸ்பிஎஃப் 50 சன்ஸ்கிரீன், இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை. நம் தோலுக்கு இதெல்லாம் எதற்கு என்று நினைத்து வருகிறவர்கள் நம்மில் அதிகம். சென்னை வெயிலில் வளர்ந்தவருக்கும் மெல்போர்ன் ஜனவரி வெயில் வேறு. காற்று வறண்டிருப்பதால் வியர்வை தெரியாது, புற ஊதாக் கதிரோ மிகக் கடுமை. சூடு உறைக்காமலே மூக்கும் பின்கழுத்தும் பொசுங்கிப்போகும். கூடவே ஒரு மெல்லிய மேலங்கி. வடக்கிலிருந்து சூடான காற்று அடித்துக்கொண்டிருக்கும்போதே தெற்குக் காற்று திரும்பினால் சில நிமிடங்களில் பத்து டிகிரிக்கு மேல் இறங்கிவிடும். டிக்கெட் கைப்பேசியில் இருப்பதால் பவர் பேங்க் கட்டாயம்.

உள்ளே: இருக்கையும் நிழலும்

டென்னிஸ் கோர்ட்டுகள் வடக்கு தெற்காக அமைந்திருக்கும். தமிழ்நாட்டில் ஜனவரி மாத நண்பகல் சூரியன் தெற்கே சாய்ந்திருக்கும். மெல்போர்னில் அது வடக்கே நிற்கும். நம் ஊர்ப் பழக்கத்தில் இடம் பிடித்தால் ஏமாந்துபோவோம். கோர்ட்டின் வடக்கு முனையில் உட்கார்ந்தால் வெயில் முதுகில். தெற்கு முனையில் உட்கார்ந்தால் நேராக முகத்தில். கோடை நேர மாற்றத்தால் சூரியன் உச்சிக்கு வருவது 12 மணிக்கு அல்ல, 1.30 வாக்கில். 12லிருந்து 4 வரை சின்னக் கோர்ட்டுகளில் நிழல் என்பதே அநேகமாக இல்லை. அதற்குப் பிறகு மேற்குப் பக்க இருக்கைகளில் வெயில் முதுகுக்குப் போகும், கிழக்குப் பக்கத்தில் முகத்துக்கு வரும். சூரியன் மறைய இரவு 8.45 ஆகும் என்பதால் 6 மணி வெயிலையும் மாலை வெயில் என்று லேசாக எடுத்துக்கொள்ள முடியாது.

இதை வைத்து நாளைப் பிரிக்கலாம். 11லிருந்து 1 மணி வரை சின்னக் கோர்ட். 1லிருந்து 4 வரை ஜான் கெயின் அரங்கமோ கியா அரங்கமோ. முன்னதற்குக் கூரை, பின்னதில் பல இருக்கைகளுக்கு மேல் நிழல். 4 மணிக்குப் பின் மறுபடி சின்னக் கோர்ட். மதியத்தில் எல்லாருக்கும் இதே எண்ணம் வரும் என்பதால் 12.30க்கே கிளம்பிவிடுங்கள்.

எங்கே உட்கார்ந்தால் ஆட்டம் புரியும்? பக்கவாட்டில் உட்கார்ந்தால் பந்தின் வேகம் தெரியும், ஆனால் தலையை இடமும் வலமும் திருப்பியே கழுத்து வலிக்கும். முனையில், அடிக்கோட்டுக்குப் பின்னால், கொஞ்சம் உயரத்தில் உட்கார்ந்தால் கோணம் தெரியும். ஒருவர் எதிராளியை எப்படிக் கோர்ட்டுக்கு வெளியே இழுத்துக் கொண்டுபோய், திறந்த பக்கத்தில் பந்தை வைக்கிறார் என்பது அங்கிருந்துதான் விளங்கும். முதல் செட் பக்கவாட்டில், இரண்டாவது செட் முனையில் என்று மாறிப் பார்க்கலாம்.

விரும்பிய ஆட்டத்துக்கு இடம் பிடிக்க ஒரே வழி, அதற்கு முந்தைய ஆட்டத்தின் கடைசிக் கட்டத்தில் உள்ளே போய்விடுவது. ஆட்டம் முடிந்ததும் பாதிப் பேர் எழுந்து போவார்கள். நீங்கள் முன்னே நகர்ந்துகொள்ளலாம். பையை வைத்து இடம் பிடிப்பதை ஊழியர்கள் ஏற்கமாட்டார்கள். கழிவறைக்கு எழுந்து போனாலும் திரும்பி வரிசையில்தான் நிற்க வேண்டும். ஆகவே அதை முடித்துவிட்டு உட்காருங்கள்.

முன்பெல்லாம் ஆட்டக்காரர்கள் பக்கம் மாறி உட்காரும் இடைவேளையில் மட்டும்தான் பார்வையாளர்களை உள்ளே விடுவார்கள். 2024 முதல் ஒவ்வொரு கேம் (செட்டுக்குள் ஒருவர் சர்வீஸ் போடும் ஒரு சுற்று) முடிந்ததும் நுழையலாம். அப்படி நுழைந்தால் கண்ணில் படும் முதல் காலி இடத்தில் உடனே உட்கார்ந்துவிட வேண்டும். நல்ல இடம் தேடி நடந்துகொண்டிருந்தால் சர்வீஸ் போடுபவர் நிறுத்திவிட்டு உங்களைப் பார்ப்பார், கூடவே அரங்கமும். புள்ளி நடக்கும்போது பேச்சு, கைப்பேசி ஒலி, ஃபிளாஷ் கூடாது. பந்து வெளியே போவதாகத் தோன்றினாலும் கத்தாதீர்கள். அது ஆட்டத்தையே கெடுக்கும். புள்ளி முடிந்த பிறகு வேண்டிய மட்டும் ஆரவாரம் செய்யலாம். சின்னக் கோர்ட்டில் ஒரு இளம் வீரருக்கு உங்கள் கைத்தட்டல் உண்மையிலேயே காதில் விழும்.

வெயில் கடுமையானால், மழை வந்தால்

2019 முதல் இங்கே ஒன்றிலிருந்து ஐந்து வரை செல்லும் வெப்ப அழுத்த அளவுகோல் நடைமுறையில் உள்ளது. காற்றின் சூடு, கதிர்வீச்சு வெப்பம், ஈரப்பதம், காற்றின் வேகம் ஆகிய நான்கையும் சேர்த்துக் கணக்கிடுகிறார்கள். நான்கைத் தொட்டால் ஒற்றையரில் பெண்களுக்கு இரண்டாவது செட்டுக்குப் பிறகும், ஆண்களுக்கு மூன்றாவது செட்டுக்குப் பிறகும் 10 நிமிட ஓய்வு தரலாம். ஐந்தைத் தொட்டால் வெளிக் கோர்ட்டுகளில் ஆட்டம் நிற்கும், மூன்று அரங்குகளின் கூரையும் மூடப்படும்.

மழைக்கும் இதே கதிதான். ஹார்ட் கோர்ட்டின் மேல்பூச்சு மணல் கலந்த அக்ரிலிக். லேசாக நனைந்தாலே கால் வழுக்கும், ஆட்டக்காரருக்குக் கணுக்கால் போகும். அதனால் தூறலுக்கே நிறுத்திவிடுவார்கள். மழை விட்ட பிறகும் தண்ணீரைத் தள்ளி, துடைத்து, காயவைத்த பின்தான் ஆட்டம். கிரவுண்ட் பாஸ்காரர்களுக்கு அப்போது கூரையுள்ள ஒரே இடம் ஜான் கெயின் அரங்கம். செயலியில் மழை முன்னறிவிப்பைப் பார்த்துக்கொண்டே இருந்து, முதல் துளி விழுமுன் நடந்துவிடுங்கள். துளி விழுந்த பின் போனால் வாசலில் நூற்றுக்கணக்கானோர் நிற்பார்கள்.

கோர்ட்டில் எதைக் கவனிப்பது

1987 வரை இந்தப் போட்டி கூயாங் புல்தரையில் நடந்தது. 1988இல் மெல்போர்ன் பார்க்குக்கு வந்தபோது ரீபவுண்ட் ஏஸ் என்ற பச்சைத் தளம். 2008இல் நீல நிறப் பிளெக்ஸிகுஷன், 2020 முதல் கிரீன்செட். நீலத்தில் மஞ்சள் பந்து பளிச்சென்று தெரியும். மேல்பூச்சில் மணல் கூடினால் பந்தை அது பிடித்துக்கொள்ளும், வேகம் குறையும். மணல் குறைந்தால் பந்து சறுக்கி விரையும். ஆனால் தளம் ஒன்றே ஆனாலும் பகலும் இரவும் ஒன்றல்ல. வெயிலில் பந்துக்குள் அழுத்தம் கூடி உயர எழும்பிப் பறக்கும்; குளிர்ந்த இரவில் எழும்பாது, ராலி (ஒரு புள்ளிக்குள் மாறி மாறி அடிப்பது) நீளும். பலமாகச் சர்வீஸ் போடுகிறவருக்குச் சூடான மதியம் சாதகம். பகலில் ஓர் ஆட்டமும் இரவில் ஓர் ஆட்டமும் பார்த்தால் இந்த வித்தியாசம் கண்கூடு.

பந்துகளை முதலில் ஏழு கேமுக்குப் பிறகும், பின்னர் ஒன்பது கேமுக்கு ஒருமுறையும் மாற்றுவார்கள். முதலில் ஏழு என்பது உடல் சூடேற்றும்போது அடிபட்டதற்கு ஈடு. சர்வீஸ் போடுபவர் பந்தை உயர்த்தி எதிராளிக்குக் காட்டினால் புதுப் பந்து வந்துவிட்டது என்று பொருள். புதுப் பந்து வேகமாகப் போகும், அந்த கேமில் ஏஸ், அதாவது எதிராளியால் தொட முடியாத சர்வீஸ், எதிர்பார்க்கலாம். கோட்டு நடுவர்கள் கிடையாது. 2021 முதல் எல்லாக் கோர்ட்டிலும் மின்னணுக் கருவிதான் ‘அவுட்’ சொல்கிறது. புள்ளிகளுக்கு இடையே 25 நொடி. ஓடும் கடிகாரம் கோர்ட் மூலையில் தெரியும். கடைசி செட் 6-6 ஆனால், முதலில் 10 புள்ளி எடுப்பவர் வெல்லும் டை-பிரேக், இரண்டு புள்ளி முன்னிலை வேண்டும். கலப்பு இரட்டையரில் மூன்றாவது செட்டே கிடையாது, நேராக 10 புள்ளி டை-பிரேக். ஒருவர் காயத்தால் நடுவில் விலகினால் ஆட்டம் அங்கேயே முடியும். அந்த நேரத்துக்குத்தான் முந்தைய மாலை குறித்த மாற்று ஆட்டம்.

இரவும் திரும்பும் வழியும்

இரவு டிக்கெட் வைத்திருப்பவர்கள் தூக்கத்தைக் கணக்கில் வையுங்கள். 2008இல் லெய்டன் ஹியூவிட், மார்கோஸ் பாக்தாதிஸ் ஆட்டம் அதிகாலை 4.34க்கு முடிந்தது. 2023இல் ஆண்டி மர்ரே, தனாசி கொக்கினாகிஸ் ஆட்டம் 4.05க்கு. இப்படி இழுப்பதைக் குறைக்கத்தான் 2024இல் ஒரு நாளைக் கூட்டி, பெரிய அரங்குகளில் பகல் ஆட்டங்களைக் குறைத்தார்கள். ஆனாலும் இரண்டாவதாக வரும் ஆட்டம் ஆண்களுடையது என்றால் நள்ளிரவைத் தாண்டலாம். வெள்ளி, சனி இரவுகளில் மெல்போர்ன் ரயில்கள் விடிய விடிய ஓடும். மற்ற நாட்களில் நள்ளிரவை ஒட்டிக் கடைசி ரயில். உங்கள் தடத்தின் கடைசி ரயில் நேரத்தை முன்பே குறித்துக்கொள்ளுங்கள். அது தவறினால் வாசலில் டாக்சிக்கு நிற்காமல் நகர மையம் வரை நடந்துபோய்ப் பிடியுங்கள். காத்திருப்பும் குறையும், கட்டணமும் குறையும்.

குழந்தைகளோடு போகிறவர்கள் இரவு டிக்கெட்டை விட்டுவிட்டு மாலை 6 மணியோடு கிளம்புவது உத்தமம். ஊரில் இருக்கும் வீட்டாரிடம் உங்கள் கோர்ட்டைத் தொலைக்காட்சியில் தேடச் சொல்வதென்றால், மெல்போர்ன் நேரம் இந்தியாவுக்கும் இலங்கைக்கும் ஐந்தரை மணி முன்னால், சிங்கப்பூருக்கும் மலேசியாவுக்கும் மூன்று மணி முன்னால். அங்கே 11 மணிக்குத் தொடங்கும் முதல் ஆட்டத்துக்கு மதுரையில் விடிகாலை 5.30க்கு எழ வேண்டும். இரவு 7 மணி ஆட்டம் இங்கே பகல் 1.30.